ஓர் ஆல்தோவை எங்கே வைப்பது

என்னோடு நான்கு வருடம் வேலை பார்த்த ஒரு பெண், வேறு இடத்துக்கு விண்ணப்பித்தபோது பரிந்துரைக் கடிதம் கேட்டாள். அரை மணி நேரத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். அவளைப் பற்றி எழுத யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் கைபட்ட எந்த அறிக்கையும் திருத்தத்துக்காக என் மேஜைக்குத் திரும்பி வந்ததில்லை. அதே சமயம், எதையும் மூன்று முறை சரிபார்க்காமல் கையை விட்டு விடவும் மாட்டாள். அவசரம் என்று தலைமாட்டில் நின்றாலும் அந்த மூன்றாவது முறை நடந்தே தீரும். கடைசிப் பத்தியில் இரண்டையும் சேர்த்து ஒரே வாக்கியமாக எழுதினேன். "ஹெர் வொர்க் இஸ் ஃபிளாலெஸ், ஆல்தோ ஷி இஸ் எ லிட்டில் ஸ்லோ." மனசுக்குத் திருப்தியாக இருந்தது. பாராட்டும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது.

கடிதத்தின் நகலைப் பார்த்துவிட்டு அவள் போன் பண்ணினாள். நன்றி எல்லாம் சொல்லி முடித்தபிறகு கொஞ்சம் தயங்கி, "அக்கா, நான் அவ்வளவு மெதுவாவா வேலை பாக்கறேன்?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. உன்னை ஒரு பக்கம் முழுக்கப் பாராட்டியிருக்கிறேனே என்றேன். "பாராட்டியிருக்கீங்க. ஆனா எப்படி முடிச்சிருக்கீங்கன்னு பாருங்க." நான் விடவில்லை. ஆல்தோ என்ற சொல் வந்தாலே அந்தப் பகுதி துணை வாக்கியம், பாராட்டுதான் தலைமை வாக்கியம், குறை அதற்குக் கீழே அடங்கிப்போகிறது என்று பாடம் எடுத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படிக்கறவங்க இலக்கணம் பாத்தா படிப்பாங்க? கடைசி வார்த்தை ஸ்லோன்னு இருக்கு, அதுதான் நிக்கும்" என்றாள்.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. என் கடிதம்தான் காரணம் என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை, அவளும் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஆல்தோ என்னை விடவில்லை. இரண்டு வருடமாக எந்த ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தாலும் கண் முதலில் இந்த ஜாதிச் சொற்கள் மீதுதான் போய் விழுகிறது.

பட் ஒன்று, சொந்தக்காரர்கள் பத்து

இந்தச் சொற்களை நாம் கற்றுக்கொண்ட விதமே கோணல் என்று இப்போது தோன்றுகிறது. பட் என்றால் ஆனால். ஹவெவர் என்றாலும் ஆனால். ஆல்தோ, தோ, யெட், ஸ்டில், நெவர்தலெஸ் எல்லாமே கிட்டத்தட்ட ஆனால்தான். ஒரு பத்தியில் பட் இரண்டு முறை வந்துவிட்டால் மூன்றாவது இடத்தில் ஹவெவர் போட்டு மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நான் ரொம்ப நாள் ஹவெவரை கோட்டு சூட்டுப் போட்ட பட் என்றே நினைத்திருந்தேன். அலுவலகக் கடிதம் என்றால் ஹவெவர், நண்பருக்கு என்றால் பட்.

தருக்கத்தின் கண்ணில் பார்த்தால் இதில் பெரிய பிழையும் இல்லை. ஜெர்மன் தருக்கவியலாளர் கோட்லாப் ஃப்ரேகே 1879-இல் தன் குறியீட்டு மொழியை அமைத்தபோது, 'மற்றும்' என்பதற்கும் 'ஆனால்' என்பதற்கும் தனித்தனிக் குறி தேவையில்லை என்று விட்டுவிட்டார். இரண்டு செய்தியும் உண்மையாக இருந்தால் போதும், எந்தச் சொல்லால் இணைத்தாலும் முழு வாக்கியமும் உண்மை. ஆனால் என்று சொல்பவர், அடுத்து வருவது நீங்கள் எதிர்பார்த்தது அல்ல என்று ஒரு சாடை காட்டுகிறார், அவ்வளவுதான் வேறுபாடு என்றார் அவர். அந்தச் சாடைதான் ஆளைக் கொல்லும். "அவர் கணக்காளர், ஆனால் கலகலப்பானவர்" என்று சொல்லிப் பாருங்கள். அவரைப் பற்றிச் சொன்னது இரண்டும் உண்மையாகவே இருக்கட்டும். உலகத்தில் உள்ள மற்றக் கணக்காளர்கள் அத்தனை பேரையும் சேர்த்து ஒரு குட்டுக் குட்டியாகிவிட்டது. எந்தக் கணக்காளராவது மறுத்துப் பேச வந்தால், நான் அப்படி எங்கே சொன்னேன் என்று கையை விரித்துவிடலாம்.

இதே ஆனாலுக்குள்ளும் ஒரு பழைய கதை இருக்கிறது. ஆனால் என்பது ஆகு என்ற வினையின் நிபந்தனை வடிவம், 'ஆகுமென்றால்' என்று பொருள். "நானானால் போயிருக்க மாட்டேன்" என்று சொல்லும்போது அந்த மூலப்பொருள் இன்னும் உயிரோடு எட்டிப் பார்க்கிறது. ஆங்கிலப் பட் வேறு வீட்டிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் 'வெளியே', 'நீங்கலாக'. "ஆல் பட் ஒன்" என்றால் ஒன்றைத் தவிர எல்லாம் என்று இப்போதும் அந்தப் பொருளில் புழங்குகிறது. முன்னால் சொன்னதிலிருந்து ஒரு துண்டை வெளியே எடுத்துப்போடுகிற சொல். நம்முடையதோ 'சரி, அப்படியே ஆகட்டும், ஆனாலென்ன' என்கிற சொல்.

ஹவெவரில் நான் பண்ணியிருந்த தப்பு, அதை பட்டின் இடத்திலேயே உட்கார வைத்தது. பட் ஓர் இணைப்புச் சொல், இரண்டு வாக்கியங்களை ஒட்டும். ஹவெவர் ஒட்டாது. அது வினையடை. "அறிக்கை தயார்" என்று எழுதி, ஒரு காற்புள்ளி வைத்து, ஹவெவர் போட்டு, "எண்கள் தப்பு" என்று தொடர்ந்தால் ஆங்கில ஆசிரியர்கள் சிவப்பு மையை எடுத்துவிடுவார்கள். அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும். ஒட்டும் வேலையைச் செய்யாததால்தான் அதற்கு வேறொரு சுதந்திரம் கிடைக்கிறது: வாக்கியத்தின் நடுவில் போய் நிற்கலாம். "ஷி, ஹவெவர், நெவர் மிஸ்ட் எ டெட்லைன்." இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். "ஆனால் அவள்" என்றால் அழுத்தம் ஆனால் மீது விழுகிறது. ஆங்கிலத்தில் அது 'அவள்' மீது விழுகிறது. அப்புறம்தான் உறைத்தது, நமக்கு அதற்கென்றே ஓர் எழுத்து இருக்கிறது. "அவளோ ஒரு நாளும் கெடு தவறியதில்லை." ஓகாரம். இரண்டு பக்கமும் காற்புள்ளி போட்டு ஹவெவர் செய்கிற வேலையை நாம் ஒரே உயிரெழுத்தில் முடித்துவிடுகிறோம்.

'அதற்கு மாறாக' என்ற பொருளில் வரும் வேர்ஆஸ் என்பதற்கும் பல இடங்களில் இந்த ஓகாரமே போதும். அக்காள் வாய் ஓயாமல் பேசுவாள், தங்கையோ கேட்டால்தான் பதில் சொல்வாள். வேர்ஆஸ் எனக்கு இன்னொரு விதத்திலும் தண்ணி காட்டியிருக்கிறது. 1948-இல் வெளியான உலக மனித உரிமைகள் பிரகடனத்தின் முகப்புரையில் பத்திக்குப் பத்தி வேர்ஆஸ் என்றே தொடங்கும். முதன்முதலில் படித்தபோது எதற்கு எதிராக எதைச் சொல்கிறார்கள் என்று தேடினேன். எதிரே ஒன்றும் இல்லை. அங்கே அதன் பொருள் 'ஆதலால்', 'இவ்வாறு இருப்பதால்'. சட்ட ஆவணங்களின் பழைய பழக்கம்.

ஒயில் என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அது முதலில் நேரத்தைக் குறித்த சொல், பிறகு எதிர்நிலைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. அண்ணன் தூங்க, தம்பி படித்தான் என்றால் தூங்கிய நேரத்தில் படித்தானா, அல்லது இவன் சோம்பேறி அவன் சுறுசுறுப்பு என்கிறோமா? நமக்கும் அதே குழப்பம் இருக்கிறது, அதைக் குழப்பம் என்று நினைக்காமலே பேசிக்கொண்டிருக்கிறோம்.

பொருட்படுத்தாமல்

டெஸ்பைட் எனக்குப் பிடித்த சொல். காரணம், அதன் வேர். பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது, மூலப்பொருள் மேலிருந்து கீழே பார்ப்பது, துச்சமாக நினைப்பது. ஸ்பைட் என்பதில் அந்த வன்மம் இன்றும் இருக்கிறது. ஆக, "டெஸ்பைட் தி ரெயின்" என்பதன் அடியில் மழையை இகழ்ந்து, மழையை மதியாமல் என்ற பொருள் படுத்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று சிரித்துவிட்டேன். நம் செய்தித்தாள்கள் தினமும் எழுதுவதும் அதுதானே, "கொட்டும் மழையையும் பொருட்படுத்தாமல்" என்று! ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள், மழையில் நனைந்துகொண்டு போகிறவர்களைப் பார்த்து ஒரே உவமையைப் பிடித்திருக்கின்றன.

ஒரே ஒரு வித்தியாசம். ஆங்கிலத்தில் அந்த அவமதிப்பு செத்துவிட்டது. "மழையிலும் ஆடுகளம் காய்ந்தே இருந்தது" என்பதற்குக்கூட டெஸ்பைட் போடலாம். தமிழில் "மழையையும் பொருட்படுத்தாமல் ஆடுகளம் காய்ந்திருந்தது" என்று எழுதினால் ஆடுகளத்துக்கு வீறாப்பு வந்துவிடும். பொருட்படுத்தாமல் இருக்க ஓர் ஆள் வேண்டும், ஆளுக்கு மனசு வேண்டும். மொழிபெயர்ப்புகளில் இது கவனிக்கப்படாமல் விட்டுப்போய், அணைக்கட்டும் பங்குச் சந்தையும் எதையெதையோ பொருட்படுத்தாமல் நடந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் 'பெய்தும்', 'சரிந்தும்' போன்ற ஒரு சின்ன உம் போதும். போகிற போக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன்: இன் ஸ்பைட் என்றால்தான் பின்னால் ஆஃப் வரும். டெஸ்பைட்டுக்கு அது கூடாது. தெரிந்தே நானும் இரண்டு முறை தப்பாக எழுதி அனுப்பியிருக்கிறேன், கை அப்படிப் பழகிவிட்டது.

நாட்வித்ஸ்டாண்டிங் இதே குடும்பத்துப் பெரியவர். எதிர்த்து நிற்காதபடி, தடையாக இல்லாதபடி என்பது நேர்ப்பொருள். சட்டத்தில் "எது எப்படியிருப்பினும்" என்று வந்தால் மற்ற விதிகள் எல்லாம் வழிவிட்டு ஒதுங்க வேண்டியதுதான். கனடாவில் 1982-இல் வந்த உரிமைகள் சாசனத்தின் 33-ஆம் பிரிவை ஜனங்கள் அந்தச் சொல்லின் பெயராலேயே அழைக்கிறார்கள், நாட்வித்ஸ்டாண்டிங் பிரிவு என்று. சாசனத்திலுள்ள சில உரிமைகள் என்ன சொன்னாலும் இந்தச் சட்டம் செல்லும் என்று நாடாளுமன்றமோ மாகாணச் சட்டமன்றமோ அறிவிக்க அது இடம் கொடுக்கிறது. அறிவிப்பின் ஆயுள் 5 ஆண்டு, அதற்குப் பிறகும் வேண்டுமானால் மறுபடி அறிவிக்க வேண்டும். ஓர் இணைப்புச் சொல்லைச் சுற்றி ஒரு நாடே சண்டை போடுகிறது என்றால், என் ஓர் ஆல்தோவுக்காக நான் இரண்டு வருடம் புலம்புவது அதிகமில்லை.

வாலும் தலையும்

சரி, ஆல்தோவுக்கு வருகிறேன். அந்த வாக்கியத்தை நான் ஏன் அப்படி எழுதினேன் என்பது ஒரு நாள் எதேச்சையாகப் புரிந்தது. வேறொருவரிடம் அதே பெண்ணைப் பற்றித் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் மெதுவானாலும் வேலை சுத்தம்" என்றேன். சொன்ன உடனே வாய் நின்றுவிட்டது. இதுதான் அந்த வாக்கியம். மனசுக்குள் இருந்தது இந்த வாக்கியம்தான். இதில் மெது முன்னால் வந்து, ஆலும் என்று தலையைக் குனிந்துகொண்டு வழிவிடுகிறது. சுத்தம் கடைசியில் வந்து உட்காருகிறது.

அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். "வேலை சுத்தம், கொஞ்சம் மெதுவானாலும்." பேச்சில் இப்படியும் சொல்வோம். ஆனால் சொல்லும்போது குரல் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். சுத்தம் என்ற இடத்தில் வாக்கியம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வருவது வால். குரலைத் தாழ்த்தி, கையால் ஒதுக்குவதுபோல், போனால் போகிறது என்று சேர்த்துக்கொள்வது. தமிழில் பயனிலை வந்துவிட்டால் கதவு சாத்தியாகிவிட்டது. பின்னால் வருபவர் திண்ணையில்தான் உட்கார வேண்டும். நான் ஆல்தோவைக் கடைசியில் போட்டபோது திண்ணையில் உட்கார வைப்பதாகத்தான் நினைத்திருக்கிறேன். அதனால்தான் போனில் அவ்வளவு தைரியமாக இலக்கணம் பேச முடிந்தது.

ஆங்கிலத்தில் அந்த இடம் திண்ணை இல்லை. வினை நடுவிலேயே வந்துபோய்விடுகிற மொழி அது. சொல்ல வேண்டியதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளும். புதுச் செய்தியும் கனமான செய்தியும் வாக்கியத்தின் நுனிக்குத்தான் போகும். ஆல்தோ துணை வாக்கியம்தான், நான் சொன்ன இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் இலக்கணம் ஒரு பக்கம் இழுக்க, இடம் மறுபக்கம் இழுத்தது, இடம் ஜெயித்துவிட்டது. அவள் ஆங்கிலத்தை ஆங்கிலமாகப் படித்தாள். நான் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தேன். "ஆல்தோ ஷி இஸ் எ லிட்டில் ஸ்லோ, ஹெர் வொர்க் இஸ் ஃபிளாலெஸ்" என்று, மனசில் வந்த வரிசையிலேயே வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

எல்லாத் தப்பும் அந்த உம்மையில் வந்து முடிகிறது என்று நினைக்கிறேன். வந்தால் என்பது நிபந்தனை. ஓர் உம்மைச் சேர்த்தால் வந்தாலும், நிபந்தனை அடிபட்டுப்போகிறது. வந்து என்பதோடு சேர்த்தால் வந்தும், வந்ததும் உண்மை, வந்து பயனில்லை என்பதும் உண்மை. மழை பெய்தும் போனோம் என்றால் மழை பெய்தே விட்டது, ஆங்கிலத்தில் ஈவன் தோ. மழை பெய்தாலும் போவோம் என்றால் பெய்யுமோ பெய்யாதோ, அங்கே ஈவன் இஃப். அவர்கள் இரண்டு சொற்களை வைத்துக் கஷ்டப்பட்டுப் பிரிப்பதை நாம் வினையின் வாலில் பிரித்துவிடுகிறோம் என்று பெருமைப்படலாம், பெய்தாலும் என்பதை நடந்த மழைக்கும் நாமே தாராளமாகப் பயன்படுத்துகிறோம் என்பதை மறந்துவிட்டால். அதே உம்தான் அவனும் அவளும் என்று கூட்டவும் வருகிறது. தொல்காப்பியம் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது, எண்ணும்மையும் அதில் ஒன்று, எதிர்மறையும் அதில் ஒன்று. கூட்டுவதற்கும் முரணுவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியிலிருந்து வருகிறவளுக்கு, பட்டுக்கும் ஹவெவருக்கும் ஆல்தோவுக்கும் நடுவில் உள்ள சந்துபொந்துகள் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. ஆல்தோ என்று தொடங்கிவிட்டு நடுவில் பட் என்பதையும் போடுகிறார்களே, அதுவும் இந்த வகைதான். சீனம் பேசுகிறவர்களும் ஆங்கிலத்தில் அப்படிப் போடுவார்கள், அவர்கள் மொழியில் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சொல் வைப்பது இயல்பு. ஆங்கிலமோ ஒரு முனையில் வைத்தால் போதும் என்கிறது.

இதையெல்லாம் கண்டுபிடித்துவிட்ட உற்சாகத்தில் அவளுக்கு போன் போட்டு விளக்கினேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "அக்கா, அது சரி. ஆனா அந்த மெதுங்கறத எழுதாமலே இருந்திருக்கலாமே?" என்றாள்.

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், வெறும் பாராட்டாக எழுதினால் நம்பமாட்டார்கள் என்று பயந்து ஒரு குறையைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறேன். என் நேர்மையைக் காட்ட அவளுடைய மூன்றாவது சரிபார்ப்பைச் செலவழித்திருக்கிறேன். ஆல்தோ இல்லாவிட்டால் அந்தக் குறையை எழுதவே கை வந்திருக்காது. "ஷி இஸ் ஸ்லோ" என்று தனி வாக்கியமாக, முற்றுப்புள்ளி வைத்து எழுத எனக்குத் துணிச்சல் கிடையாது. ஒன்றை ஒப்புக்கொள்வதுபோல் சொல்லலாம், சொன்னதற்குப் பொறுப்பும் முழுதாக ஏற்க வேண்டாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும். ஆல்பீயிட், நெவர்தலெஸ், தட் செட் எல்லாவற்றையும் இப்போது அந்தச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். மற்றவர்கள் கடிதத்தில் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகவே.

போன மாதம் அவள் இன்னோர் இடத்துக்கு விண்ணப்பித்தாள். மறுபடியும் என்னிடமே கடிதம் கேட்டாள், அதுவே எனக்குப் பெரிய விஷயம். இந்தமுறை அரை நாள் ஆயிற்று. ஆல்தோவை முன்னால் வைத்து எழுதினேன், அடித்தேன். டெஸ்பைட் போட்டேன், நோயாளியைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது, அதையும் அடித்தேன். கடைசியில் எந்த இணைப்பும் இல்லாமல் இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "ஷி டேக்ஸ் ஹெர் டைம். நத்திங் ஷி டிட் எவர் கேம் பேக் டு மை டெஸ்க்." அனுப்புவதற்கு முன் அவளுக்கே காட்டினேன்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "ரொம்ப நல்லா இருக்குக்கா. ஆனா டேக்ஸ் ஹெர் டைம்னாலும் மெதுன்னுதானே அர்த்தம்?"

ஆமாம் என்று பதில் போட்டேன்.